நேற்றைய தளிகை

பொருநையாறு தன் போக்கில் போய்க்கொண்டிருந்து, எதையோ மறந்துவிட்டு வந்தவள் போலச் சற்றே வடக்கே திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிற வளைவில் இருக்கிறது திருவாழித்துறை. அந்த ஊரின் தெற்கு ரத வீதியில், செல்போன் கடையின் மேல்மாடியில், ஜெசிந்தா மிஸ் நடத்தி வந்த ஆங்கில வகுப்பில் இறந்த காலப் பாடம் தொடங்கிய மாலையில், முதன்முதலாக வந்து சேர்ந்தது ஒரு தம்ளர் மோர்.

வேன் ஓட்டும் சாகுல் ஹமீது, நேற்று என்ன செய்தீர்கள் என்று மிஸ் கேட்ட கேள்விக்கு, தட்டுத் தடுமாறி, தான் மோர் குடித்ததை ஆங்கிலத்தில் சொன்னார். சொன்ன வாய் மூடுமுன்னே அவருக்கு முன்னால், மேலே கொத்தமல்லித் தழை மிதக்க, வெளியே குளிர்ச்சியின் முத்துக்கள் அரும்ப, அந்த மோர் நின்றது. மிஸ் அதைப் பார்த்தார். சாகுலைப் பார்த்தார். "குட். நெக்ஸ்ட்" என்றார். அடுத்த பெஞ்சில் இருந்த நர்ஸ் பொன்மாரி, நேற்று மல்லிகைப் பூ வாங்கியதைச் சொன்னாள். பந்தாய்ச் சுற்றிய பூ, நேற்றைய ஈரத்தோடு அவள் மடியில் விழுந்தது. அதற்கடுத்தவர் சொன்னார், அதற்கடுத்தவரும் சொன்னார், அறை நிறைந்தது. ஒரு நாழிகைப் பொழுது சென்றதும், ஆற்றின் மேல் படிந்த பனி வெயிலுக்கு விலகுவது போல, வந்தவை எல்லாம் ஓசையின்றி விலகிப் போயின.

கடைசிப் பெஞ்சில் இருந்த ஆராவமுதன் ஒருவர் மட்டும் அன்று வாய் திறக்கவில்லை. அவருக்கு வியப்பு வரவில்லை. தூணில் தோன்றியவனையும் ஆலிலையில் துயின்றவனையும் நாள்தோறும் பாராயணம் செய்யும் வாய்க்கு ஒரு தம்ளர் மோர் என்ன பெரிது? அவருக்கு வந்தது அச்சம். ஏனெனில் அவர் ஊர்ப் பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுகிறவர்; பெருமாளுக்குரிய சமையலான தளிகையே அவர் வாழ்க்கை. நேற்று என்ன செய்தீர் என்று எவர் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும், அவரிடம் இருந்த விடை ஒன்றுதான்.

அந்த மடைப்பள்ளிக்கு ஒரு விதி உண்டு. தளிகை செய்கிறவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பின் முன் நிற்பார். உப்புப் பார்ப்பதில்லை, இனிப்புப் பார்ப்பதில்லை. ஆவி மேலே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெருமாள் உண்டு அமுது செய்தருளும் முன்னர் அந்த மணத்தை மனித மூக்கு ஒன்று முகர்ந்துவிட்டால், அது அவனுக்கு எச்சில் படைத்ததற்குச் சமம். கையின் நினைவையும் அடுப்பின் ஓசையையும் கொண்டே ஆராவமுதன் இத்தனை ஆண்டுகள் சமைத்திருந்தார். உறை கட்டாத மூக்குகள் இருபது உட்கார்ந்திருக்கும் ஓர் அறையில் அவர் எப்படி வாய் திறப்பார்?

திறக்காமலும் இருக்க முடியாது. அவர் அங்கே வந்ததே அதற்காகத்தான். சென்ற ஆண்டு உத்ஸவத்துக்கு, கடல் கடந்த குளிர் தேசம் ஒன்றிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அங்கே புதிதாகக் கோயில் எழுப்பி, பெருமாளைப் பிரதிஷ்டை செய்திருப்பதாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தவரிடம் ஆராவமுதன், "தளிகை யார் பண்றா?" என்று கேட்டார். அந்த மனிதரின் குரல் இறங்கிவிட்டது. "அதுதான் சாமி குறை. வாழைப்பழமும் முந்திரியும்தான் வைக்கிறோம். சனி, ஞாயிறு யாராவது வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவார்கள்."

அன்று பகல் ஆராவமுதனுக்குச் சோறு இறங்கவில்லை. பனி பெய்யும் தேசத்தில், கைகளை நீட்டிக்கொண்டு, வெந்த சோறு ஒரு பிடி காணாமல் நின்றுகொண்டிருக்கிறான் பெருமாள். தம்பியிடம் இந்த அடுப்பை ஒப்படைத்துவிட்டு அங்கே போவது என்று அந்தக் கணமே நெஞ்சுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் சென்னையில் விசா நேர்காணலில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி, அந்தக் கோயிலில் இதுவரை என்ன செய்தாய் என்று கேட்டபோது, ஆங்கிலத்தில் நேற்றைச் சொல்லத் தெரியாமல் கைகூப்பிக்கொண்டு நின்றார். தொழிலறிவுக்குச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுமுறையும் மறுத்தால் அப்புறம் வழியே கிடையாது என்று பொறியாளர் தொலைபேசியில் வருந்தினார். அதனால்தான் இந்தக் கடைசிப் பெஞ்சு.

ஊரோ, வந்த அதிசயத்தை வீட்டுக்கு வந்த புது மருமகளைப் போல இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. ஆங்கிலத்தில் சொன்னால்தான் வரும், அதிலும் நடந்தது மட்டும் வரும், நடக்காதது வராது என்பது முதலில் தெளிந்தது. உச்சரிப்புப் பிசகினாலும் வரும்; பொய் சொன்னால், எவ்வளவு அழகான ஆங்கிலமானாலும், காற்றுகூட அசையாது. வேலைக்குப் போனேன் என்று கணவன் சொல்லக் கேட்டு, அவன் எதிரில் டிபன் பாத்திரம் வராததைக் கண்ட மனைவிமார்கள் சிலர், வகுப்புக் கட்டணத்தைத் தாங்களே முன்வந்து கட்டினார்கள். வெள்ளத்தில் போன வெள்ளிக் கொலுசை ஒரு நாழிகையாவது கையில் வைத்துப் பார்க்க, காந்திமதி என்ற பூக்காரி மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டு மாடியேறி வந்தாள். பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அது மறைந்ததும் முகம் வாடி இறங்கிப் போனாள். செய்துகொண்டிருந்தேன், போய்க்கொண்டிருந்தேன் என்னும் தொடர்வினையை மிஸ் நடத்தியபோதுதான் கொஞ்சம் சிரமம். சாகுல் தான் வேன் ஓட்டிக்கொண்டிருந்ததைச் சொல்ல, மாடிப்படியில் இரண்டு முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டு ஏறிவரத் தொடங்கின. பொன்மாரி, நேற்றுக் காலை ஆறு மணிக்கு நான் குளித்துக்... என்று ஆரம்பிக்கவும் மிஸ் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார்.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்னு சொல்லு பிள்ளே! உலகத்துல வேற வேலையே இல்லையா?"

நாள் செல்லச் செல்ல அது வகுப்பறையோடு நிற்கவில்லை. பாடம் பழகியவர்கள் போகுமிடமெல்லாம் கூடவே போயிற்று. பேருந்து நிலையத்தில் நின்று யாரோ நேற்றைய மழையை ஆங்கிலத்தில் சொல்ல, அவ்விடத்தில் மட்டும் ஒரு குடை அளவுக்கு மழை பெய்தது. மக்கள் சற்று ஒதுங்கி நின்றார்கள். இதைக் கேட்ட ஆராவமுதனுக்கு இருந்த ஒரு போக்கும் அடைபட்டது. வகுப்பில் வாயை மூடிக்கொண்டு சென்னையில் திறக்கலாம் என்று எண்ணியிருந்தார். இனி அங்கே திறந்தாலும் பானை வரும். அதிகாரிக்கும் மூக்கு இருக்கிறது.

"சாமி, ஒரே ஒரு புளியோதரை சொல்லுங்களேன். மத்தியானம் சாப்பிடவே இல்ல" என்று சாகுல் தினமும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஆராவமுதன் பேச்சை மாற்றுவார். "மிஸ், அடியேன் என்பதற்கு இங்கிலீஷில் என்ன?"

"'ஐ'தான் சாமி."

"அது நான்னு சொல்றதாச்சே."

"அங்க எல்லாருமே நான்தான் சாமி."

"ஆபீசர் முன்னாடி போய் அடியேன் அடியேன்னு குனிஞ்சீங்கன்னா, அடியேனை அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்ருவான்" என்றார் சாகுல். வகுப்பு சிரித்தது. ஆராவமுதனும் சிரித்தார். ஆனால் நேற்றைச் சொல்ல வாய் திறக்கவில்லை.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருந்தபோது மிஸ் பொறுமை இழந்தார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைசிப் பெஞ்சுக்கே நடந்து வந்தார்.

"சாமி, எழுதச் சொன்னா எல்லாம் சரியா எழுதுறீங்க. வாயால ஒரு வார்த்தை வரல. அந்த ஆபீசர் உங்க எழுத்தையா கேக்கப் போறாரு? என்னதான் பயம் உங்களுக்கு? என்கிட்ட சொல்லக் கூடாதா?"

ஆராவமுதன் எழுந்து நின்று, மடைப்பள்ளியின் விதியைச் சொன்னார். குளிர் தேசத்துப் பெருமாளின் வாழைப்பழத்தையும் சொன்னார். தமிழில்தான் சொன்னார், ஆகவே எதுவும் வரவில்லை. சாகுல் தலையைக் குனிந்துகொண்டார். புளியோதரை கேட்ட வாயை அவர் துண்டால் துடைத்துக்கொண்டதை ஆராவமுதன் கண்டார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார் மிஸ், மெல்ல. "நாளைக்கு வாங்க. நீங்க பேசுறீங்க."

அன்று இரவுத் தளிகை முடிந்து நடை சாத்துமுன், ஆராவமுதன் கோயில் பெரியவரான அழகிய நம்பி ஸ்வாமியிடம் போய் விழுந்து சேவித்தார். சாஸ்திரத்தில் ஐயம் என்றால் ஊர் அவரிடம்தான் போகும். வேத பாராயணத்துக்கு நடுவே வெற்றிலைச் சீவலைப் பற்றியும் விசாரிக்கிற மனிதர் அவர்.

"ஸ்வாமி, நேற்றுப் பண்ணின தளிகை இன்று வந்து நின்றால் அது பழையதா, புதிதா? அமுது செய்ததா, செய்யாததா?"

பெரியவர் கண்ணை மூடினார். மண்டபத்தில் இருந்த நாலு பேரும் கூடிவிட்டார்கள். பழையதுதான் என்றார் ஒருவர். ஆவி பறந்தால் எப்படி ஐயா பழையது என்றார் மற்றொருவர். இப்படி வர ஆரம்பித்தால் என் ஸ்டாலில் எவன் வாங்குவான் என்றார் பிரசாதக் கடை குத்தகைதாரர். பெரியவர் கண் திறந்தார்.

"நீர் எந்தப் பொழுதைச் சொல்கிறீரோ அந்தப் பொழுதோடு வரும். பண்ணினேன் என்று சொன்னால், பண்ணி இறக்கின சூட்டோடு வரும். இன்னும் திருமுன்பு போகாதது அது. போகாததை என்ன செய்வீர்?"

"திருமுன்பு கொண்டுபோவேன்."

"அப்படியே செய்யும்."

"நேற்றே ஒரு தடவை அமுது செய்தாயிற்றே, ஸ்வாமி?"

"ஓய், நேற்று, இன்று, நாளையெல்லாம் நாமல்லவோ கட்டிக்கொண்டு அழுகிறோம்! அவனுக்கு ஏது காலண்டர்?"

மறுநாள் மாலை வகுப்புக்குள் நுழைந்த ஆராவமுதன் வாசலிலேயே நின்றுவிட்டார். சன்னல்கள் அடைத்திருந்தன. மேசை கழுவிக் கோலமிட்டிருந்தது. ஜெசிந்தா மிஸ் தம் துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு, கழுத்துச் சிலுவை மட்டும் வெளியே மின்ன நின்றார். பொன்மாரி ஆஸ்பத்திரியிலிருந்து முகவுறைகள் கொண்டுவந்து பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்திருந்தாள். சாகுலோ முகவுறைக்கு மேல் தோள் துண்டையும் சுற்றி, கண் இரண்டு மட்டும் தெரிய, சண்டைக்குப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க சாமி" என்றார் மிஸ், துணிக்குள்ளிருந்து. "வாட் டிட் யூ டூ யெஸ்டர்டே?"

ஆராவமுதன் மூக்கைக் கட்டினார். கைகூப்பினார். பிறகு, தாம் வாழ்நாளில் உரக்கச் சொல்லியிராத அந்த 'நான்' என்னும் சொல்லை முதலில் வைத்து, நேற்று அக்காரவடிசில் சமைத்தேன் என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, படியேறுவது போலச் சொன்னார்.

வெண்கலப் பானை வந்தது. வாழையிலை மூடி, அதன் மேல் ஈரத்துணி கட்டி, நெய்யும் பாலும் வெல்லமும் அரிசியும் ஒன்றோடொன்று கலந்து கொதித்து அடங்கிய அந்த முணுமுணுப்பு உள்ளே இன்னும் ஓயாமல், மேசையின் கோலத்தின் மேல் வந்து அமர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் மூச்சை உள்ளே இழுக்கவில்லை என்றே சொல்லலாம்.

"ஒரு நாழிகைதான் சாமி இருக்கும்! தூக்குங்க!" என்று சாகுல் எழுந்தார்.

ஆராவமுதன் பானையைத் தலையில் ஏற்றினார். சாகுல் முன்னால் ஓடினார். "விலகுங்க, விலகுங்க! மூக்கைப் பொத்துங்க! பெருமாள் சாப்பாடு வருது!" என்ற குரல் தெற்கு ரத வீதியின் இந்தக் கோடியில் எழுந்து அந்தக் கோடி வரை உருண்டது. கேட்டவர் கேட்டபடி மூக்கைப் பொத்தினார்கள். டீக்கடைக்காரர் கொதிக்கும் பாலை இறக்கிவைத்துவிட்டு மூக்கைப் பொத்தினார். சைக்கிளில் வந்தவர் இறங்கிப் பொத்தினார். கைக்குழந்தை வைத்திருந்தவள் தன் மூக்கை விட்டுவிட்டுக் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள். முகம் மூடிய ஓர் ஆசிரியையும், முகம் மூடிய ஒரு வேன்காரரும், முகம் மூடிய ஒரு வகுப்பும் பின்னும் முன்னும் வர, நேற்றைய தளிகை இன்றைய வீதியில் கோயிலுக்குப் போயிற்று. திரை விழுந்தது. மணி ஒலித்தது. திரை விலகியது.

நாழிகை கடந்தது. பானை மறையவில்லை. இன்னொரு நாழிகையும் கடந்தது. அப்போதும் அது கனத்துக்கொண்டு, நெய் வழிய, அங்கேயே இருந்தது. நேற்றிலிருந்து வந்தவை எல்லாம் போய்விட, கொடுத்தது மட்டும் நிலைத்தது என்று ஊர் அன்று அறிந்துகொண்டது. அறிந்ததும் அதையும் பழக்கமாக்கிக்கொண்டது. மறுநாளே காந்திமதி மாடியேறி வந்து, கொலுசை வரவழைத்து, வந்த கையோடு தன் தம்பி மகளின் காலில் பூட்டிவிட்டாள். அந்தக் கொலுசு தெரு முழுக்கச் சிணுங்கிக்கொண்டு ஓடியது, மறையவேயில்லை.

பானை வந்த அன்றே பிரசாதத்தைக் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாரும் இலைத் துண்டில் வாங்கி உண்டார்கள். சாகுல் ஒரு வாய் போட்டுக்கொண்டு, இலைத் துண்டை விரலால் வழித்து நக்கினார்.

"ஏன் சாமி," என்றார் கடைசியில், "இத்தன வருசமா இதையா உங்க பெருமாள் தெனமும் மொதல் ஆளா சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு? சும்மா சொல்லக் கூடாது, ஆளு வெவரந்தான்."

சென்னைக்குப் புறப்பட்ட காலையில் மனைவி பத்மாசனி, திருமண் பெட்டியையும் மாற்று வேட்டியையும் பையில் வைத்தபடியே சொன்னாள்: "போன தடவை மாதிரி கையைக் கூப்பிண்டு பொம்மையாட்டம் நிக்காதேங்கோ. ஊர் மூக்கையே பொத்த வெச்சவர் நீங்க. அந்த ஒரு ஆபீசர் எம்மாத்திரம்?"

"அவர்கிட்ட மூக்கைப் பொத்துங்கோன்னு எப்படிடி சொல்றது?"

"அதுக்குத்தானே மாசக் கணக்கா இங்கிலீஷ் படிச்சேள்?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அதே அதிகாரி. சிவந்த முகம், உறக்கம் போதாத கண்கள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று ஆராவமுதன் ஆங்கிலத்திலேயே சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கோயிலில் என்ன செய்தாய் என்று அதிகாரி கேட்டார்.

கிணற்றில் நீர் இறைத்தேன் என்றார் ஆராவமுதன். தளும்பும் குடம் ஒன்று தடுப்பின் இப்பக்கத்துப் பலகையில் வந்து நின்றது. விறகு பிளந்தேன் என்றார். புளிய விறகு ஒரு கட்டு வந்தது. பல தேசத்து மனிதர்களையும் அவர்கள் கூடவே கொண்டுவருகிறவற்றையும் பார்த்துப் பழகிய அதிகாரி, விறகைச் சற்றே நகர்த்தி வைக்கச் சொன்னார். நீரும் விறகும் சரி, நீ சமைத்தாயா, அதைச் சொல் என்றார்.

இதுதான் என்று ஆராவமுதனுக்குத் தெரிந்தது. ஒரு கணம் கண்ணை மூடினார். பெருமாளே, இது உன் சோறு, உன் விசா, உன் பாடு என்று உள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மிஸ் கற்பித்த குரலில், நான் சமைத்தேன் என்றார்.

பானை வந்தது. இலை மூடியிருந்தது. துணி கட்டியிருந்தது. கட்டின் ஓரத்தில் ஓர் இழை ஆவி, வெளியே வருவதா வேண்டாமா என்று தயங்கிற்று.

அதிகாரியின் முகத்தில் உறக்கம் கலைந்தது. அவர் கண்ணாடியின் கீழ்க்கதவைத் திறந்தார். அனுபவம் உண்டா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, முகத்தை அருகே கொண்டுவந்து, மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

ஆராவமுதன் தம் உள்ளங்கையை இலையின் மேல் வைத்தார்.

"நோ" என்றார்.

கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்ப் பெண் பதறிப் போய், "ஐயா, கொஞ்சம் விட்டுக்கொடுங்க. அவர் கையெழுத்துப் போடணும்ல? ஒரு வாசம் பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கிசுகிசுத்தாள்.

"மன்னிக்கணும் குழந்தே. அவர் என்னை அனுப்பாட்டாலும் சரி" என்று அவளிடம் சொன்னார் ஆராவமுதன். பிறகு அதிகாரியின் கண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில், நிதானமாக, "அவர் இன்னும் சாப்பிடவில்லை" என்றார்.

"யார்?"

"உங்கள் தேசத்தில் நிற்கிறவர். நேற்று அவர் வாழைப்பழம் சாப்பிட்டார்."

சொன்ன மாத்திரத்தில் பானையின் பக்கத்தில் ஒரு சிறு தட்டு வந்தது. அதில் இரண்டு வாழைப்பழமும் ஏழெட்டு முந்திரியும் இருந்தன. அதிகாரி ஒரு பழத்தைத் தொட்டார். குளிர்ப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல விறைத்துக் கிடந்தது. அதன் தோலில், அவர் தம் ஊரில் வாரந்தோறும் காய்கறி வாங்கும் கடையின் பெயர் எழுதிய சிறு வட்டத்தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளை அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"முந்தாநாள்?" என்று கேட்டார்.

"முந்தாநாளும் வாழைப்பழம்தான் சாப்பிட்டார்" என்றார் ஆராவமுதன். இன்னொரு தட்டு வந்தது.

அதிகாரி நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டு தட்டுகளையும் பார்த்தார், இலை மூடிய பானையைப் பார்த்தார், அதன் மேல் இன்னும் அசையாமல் இருந்த அந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்படியானால் இதை அவர் எப்போது சாப்பிடுவார்?"

"நீங்கள் என்னை அனுப்பும்போது" என்றார் ஆராவமுதன்.